அம்மாவின் ஜிமிக்கியும் அரை அங்குல ஒட்டியாணமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, "உங்க துறையில ஏதாவது பயனுள்ளதா பேசுங்க சார்" என்றார்கள். என்னுடைய துறை உலோகத்தின் மேல் பூச்சு பூசுவது. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் அந்தப் பிரிவைப் பார்த்துக் கொள்கிறேன். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் மதிய சாப்பாட்டுக்கு முன்பே பாதிப் பேர் தூங்கி விடுவீர்கள். ஆகவே அதே துறைதான், ஆனால் நான் அதைக் கற்றுக்கொண்ட வேறொரு இடத்தைப் பற்றிப் பேசுகிறேன். அந்த இடம் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை. பாடம், மூன்று அங்குலக் கொலு பொம்மைக்குத் தங்கம் பூசுவது எப்படி என்பது.

சிரிக்காதீர்கள். அந்தத் திண்ணை வருமானத்தில்தான் நான் இந்தக் கல்லூரியில் படித்தேன்.

புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரெட்டியார்பாளையத்திலிருந்து மூலக்குளம் தாண்டி மேற்கே போனால் வில்லியனூர். அங்கே சுடுமண் வேலை. அந்த வில்லியனூரின் வி.கே.முனுசாமி அவர்களுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்னும் மேற்கே திருக்கனூர். அங்கே காகிதக் கூழ் பொம்மை. இரண்டுமே புவிசார் குறியீடு பெற்ற தொழில்கள். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் பெயர் இல்லாத ஒரு கூட்டம் உண்டு: அச்சில் வார்த்த பொம்மையை வீட்டுக்கு வாங்கி வந்து, வண்ணம் தீட்டி, கூலிக்குத் திருப்பிக் கொடுக்கும் பெண்கள். என் அம்மா அதில் ஒருவர். ஆடி பிறந்தால் எங்கள் வீட்டில் நடக்க இடம் இருக்காது. கட்டிலுக்கு அடியில் கண்ணன், அரிசி டின் மேல் ஆழ்வார்கள், ஜன்னல் ஓரத்தில் வரிசையாகத் தலை காய்ந்து கொண்டிருக்கும் செட்டியார்கள்.

2008-ல் நான் மூன்றாம் ஆண்டு. மெட்டலர்ஜி பேப்பரில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். அந்த வயதில் ஒரு பேப்பரில் நல்ல மார்க் வாங்கினால் உலகமே தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும் அல்லவா? அந்த ஆவணியில் அம்மாவுக்கு அஷ்டலட்சுமி எட்டு செட் வந்தது. ஆக 64 பொம்மை. செட்டுக்கு 300 ரூபாய், மொத்தக் கூலி 2,400 ரூபாய். என் தேர்வுக் கட்டணம் அதில்தான் போக வேண்டும். லட்சுமி என்றால் தங்கம் அதிகம்: கிரீடம், காசுமாலை, வங்கி, ஒட்டியாணம், கையில் கொட்டும் காசு வேறு.

அம்மா தங்கம் குழைக்கும் முறை இப்படி. கடையில் கோல்டு பவுடர் பொட்டலமாகக் கிடைக்கும். அதற்கென்றே ஒரு மீடியம் தனியாகத் தருவார்கள். இரண்டையும் ஒரு கொட்டாங்குச்சியில், அன்றைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும், ஈர்க்குச்சியால் குழைப்பார். மிச்சம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுவார். மீடியத்தின் தின்னர் வாடையில் அவருக்கு இருமல் வரும். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை, இருமலும் வீணடிப்பதும். "எதுக்கும்மா இந்த நாத்தம்? தச்சு வேலைக்கு வெச்சிருக்கிற வெள்ளைப் பசையில தண்ணி விட்டுக் கலந்தா போதும். காஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றேன். அம்மா தயங்கினார். "படிச்சவன் சொல்ற" என்று ஒத்துக்கொண்டார். நானே ஒரு டப்பா நிறையக் கலந்து வைத்தேன்.

அன்றைக்கு ராத்திரி பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பளபளப்பு! 64 லட்சுமியும் நகைக்கடை விளம்பரம் மாதிரி ஜொலித்தார்கள். பாலிதீன் பையில் போட்டு, வைக்கோல் வைத்து அடுக்கிக் கொடுத்து விட்டோம்.

மூன்று வாரத்தில் பெட்டிகள் திரும்பி வந்தன. பையைப் பிரித்தால் கிரீடத்தில் பச்சை. காசுமாலையின் இடுக்கெல்லாம் பச்சை. சில பொம்மைகளில் பச்சை வழிந்து லட்சுமியின் மார்பில் புடவை வரைக்கும் இறங்கியிருந்தது. வியாபாரி சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மகாளயத்துக்குள்ள சரி பண்ணிக் குடுத்தா எடுத்துக்கறேன், இல்லேன்னா பொம்மை காசைக் கழிச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகாளய அமாவாசைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற கெமிஸ்ட்ரி ஆசிரியர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். கோல்டு பவுடர் என்பதில் தங்கம் கிடையாது. அது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, மெல்லிய செதிலாகத் தட்டிப் பொடித்தது. துத்தநாகம் நூற்றுக்குப் பத்து இருந்தால் சிவந்த தங்கம், முப்பது வரை போனால் பச்சையோடிய மஞ்சள் தங்கம். வெள்ளைப் பசை என்பது பாலிவினைல் அசிடேட். லேசான அமிலத் தன்மை உள்ளது. செம்பு, ஈரம், காற்று, அசிட்டிக் அமிலம் நாலும் ஒரு பைக்குள் அடைபட்டால் வருவது காப்பர் அசிடேட். பிரான்சில் மான்பெலியே பகுதிப் பெண்கள் இதையே ஒரு குடிசைத் தொழிலாகச் செய்தவர்கள். செப்புத் தகடுகளைப் புளித்த ஒயினோடு பானையில் அடுக்கி, படியும் பச்சையைச் சுரண்டி, வண்ணமாக விற்றார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்ததை நான் தெரியாமல் லட்சுமியின் தலையில் செய்தேன்.

ஆனால் எனக்கு உறைத்தது கெமிஸ்ட்ரி இல்லை. அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "களிம்பு." ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊற்றி வைக்கக் கூடாது என்பது நம் வீட்டில் ஆறாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரியும். அதே பித்தளை, அதே புளிப்பு. பொட்டலத்தின் மேல் கோல்டு என்று போட்டிருந்ததால் நான் பித்தளையை மறந்து போனேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மா காதிலிருந்து ஜிமிக்கியைக் கழற்றினார். அதை வைத்துத்தான் தேர்வுக் கட்டணம், புதுப் பொருள் இரண்டும் வாங்க வேண்டும். காகிதத்தில் மடிக்கப் போனவர் நிறுத்தி, அதை டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு லட்சுமியின் பக்கத்தில் வைத்தார். கெட்டுப் போகாத ஒன்றிரண்டு பொம்மை இருந்தன, அதில் ஒன்று.

"இதுல எங்கடா மஞ்சளா இருக்கு, காட்டு."

நான் ஜிமிக்கியைக் காட்டினேன். "எல்லாம் மஞ்சள்தானே?"

"நல்லாப் பாரு."

பார்த்தேன். குடை மாதிரி கவிந்த பகுதியின் உச்சியில் ஒரு புள்ளி. அது மஞ்சளே இல்லை, வெள்ளை. அதைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் மஞ்சள். அதற்குக் கீழே சட்டென்று ஒரு பட்டை, காப்பிப்பொடி நிறம், சில இடத்தில் கறுப்பு. விளிம்புக்கு வரும்போது ஆரஞ்சு. அது கீழே கிடந்த சிவப்பு ஃபிளாஸ்டிக் டப்பாவின் நிறம். முத்துகளுக்கு நடுவே இருட்டு. மஞ்சள் என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன், ஆனால் கணக்குப் பார்த்தால் மஞ்சள் கால்வாசிகூட இல்லை.

பக்கத்தில் இருந்த லட்சுமியின் கிரீடம் முழுக்க முழுக்க ஒரே மஞ்சள். பளபளத்தது, ஆனால் தகரம்.

அம்மா ஜிமிக்கியை மடித்து எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார். நான் அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நண்பர்களே, இன்றைக்கு நான் சொல்ல வந்ததெல்லாம் இவ்வளவுதான். தங்கம் தங்கமாகத் தெரிவது மஞ்சளால் அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் இருட்டால். தங்கம் நீல ஒளியை விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது என்பது பாதிக் கதை. (அது ஏன் நீலத்தை விழுங்குகிறது என்பதற்கு ஐன்ஸ்டீனின் சார்பியல் வரை போக வேண்டும். அந்த விளைவு இல்லையென்றால் தங்கமும் வெள்ளி மாதிரி வெளுத்துத்தான் இருக்குமாம். இயற்பியல் மாணவர்கள் தேடிப் படியுங்கள்.) மீதிக் கதை, அது ஒரு கண்ணாடி என்பது. எதிரில் விளக்கு இருந்தால் விளக்கைக் காட்டும், இருட்டு மூலை இருந்தால் அதைக் காட்டும். அந்த வெளிச்சமும் இருட்டும் திடீரென்று மாறும் இடத்தைத்தான் நம் கண் உலோகம் என்று படிக்கிறது.

பெரிய சிலைக்கு இது தானாக நடந்துவிடும். சின்னப் பொம்மையில் நடக்காது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது அங்குலப் பெண்ணை மூன்று அங்குலமாக்கினால் இருபதில் ஒரு பங்கு. ஒட்டியாணம் அரை அங்குலம். ஆனால் கோல்டு பவுடரின் செதில் சிறுக்கவில்லையே? 40 மைக்ரான் செதில் அந்தப் பொம்மையில் இருந்தால், நிஜப் பெண்ணின் இடுப்பில் 0.8 மில்லிமீட்டர் துகளை ஒட்டியதற்குச் சமம். அதாவது ரவை. ஒட்டியாணம் என்று ரவை உப்புமாவைக் கட்டிவிட்ட மாதிரி! அதனால் சின்ன வேலைக்கு ஆக நைசான பொடியாகக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, அந்த வளைவில் விழும் ஒளிப்புள்ளி ஊசிமுனை அளவாகிவிடும், கொலுப்படி முன்னால் ஐந்தடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது எட்டாது. ஆகவே ஒளியையும் இருட்டையும் நாமே வரைந்து கொடுக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளில் அம்மா செய்ததைச் சொல்கிறேன். பிரஷ் பிடிக்கிறவர்கள் கவனித்துக் கொள்ளுங்கள். முதலில் பச்சையை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, அடியில் இருப்பது மேலே ஊறி வராமல் இருக்க ஒரு கை லேக்கர் அடித்தார். அதன் மேல் தங்கம் வர வேண்டிய இடமெல்லாம் காவி, துளி கறுப்பு சேர்த்தது. வெள்ளை அடிப்பூச்சின் மேல் தங்கம் அடித்தால் வெளிறித் தெரியும், காவி மேல் அடித்தால் உள்ளிருந்து சூடு வரும். ஐரோப்பாவில் மரச் சட்டத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டுகிறவர்களும் அடியில் சிவப்புக் களிமண்தான் பூசுகிறார்கள். அம்மா மான்பெலியேவும் பார்த்ததில்லை, அதையும் பார்த்ததில்லை.

காவி காய்ந்த பிறகு தங்கம். கெட்டியாக ஒரே கை அல்ல, மெல்லிசாக இரண்டு கை. இதற்கு என் தொழிற்சாலையில்தான் காரணம் புரிந்தது: மெல்லிய படலம் காயும்போது சுருங்கி, செதில்களைப் படுக்க வைக்கும். படுத்த செதில் கண்ணாடி. கெட்டியாக அடித்தால் செதில்கள் தாறுமாறாக நிற்கும், அது சாம்பல் பூத்த மாதிரித் தெரியும். முக்கியமாக, இடுக்குகளில் தங்கம் போகக் கூடாது. அங்கே காவி அப்படியே இருக்கட்டும். காசுமாலையில் காசுக்கும் காசுக்கும் நடுவே அந்த இருட்டுக் கோடுதான் காசை எண்ண வைக்கும். அதற்கு மேல் பிரவுனைத் தண்ணீர் மாதிரிக் கரைத்துப் பள்ளத்தில் ஓடவிட்டு, மேட்டில் மட்டும் இன்னும் வெளிறிய தங்கத்தை இழுத்து, கடைசியில் ஈர்க்குச்சி நுனியால் கிரீடத்தின் வளைவில் ஒரு புள்ளி. வெள்ளையில் ஒரு சொட்டு எலுமிச்சை மஞ்சள் சேர்த்த புள்ளி. ஒவ்வொன்று வைத்ததும் பொம்மையைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். ஐந்தடி தூரத்தை அப்படிக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

சில்லறைத் தவறுகளும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கத்துக்குத் தனி பிரஷ், தனிக் கிண்ணம். இல்லாவிட்டால் செதில் மற்ற வண்ணத்தில் கலந்து லட்சுமியின் கன்னமெல்லாம் மினுக்கும், மேக்கப் அதிகமான மணப்பெண் போல. பளபளப்பில்லாத வார்னிஷைத் தங்கத்தின் மேல் அடிக்காதீர்கள், செய்ததெல்லாம் செத்துப் போகும்.

64-ஐயும் கொடுத்துவிட்டோம். அமாவாசைக்கு முந்தைய நாள் சாயங்காலம். வியாபாரி ஒரு பொம்மையை எடுத்து விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூலியில் ஒரு செட் காசைக் குறைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். நியாயம்தான். அந்தப் பணம் வாங்கின மளிகைக்குப் போனது, ஜிமிக்கிக்குப் போகவில்லை. வட்டி கட்டி இரண்டு முறை புதுப்பித்து, 2010-ல் வேலை கிடைத்து முதல் சம்பளத்தில்தான் மீட்டேன். அதுவரை அம்மா ஈர்க்குச்சி செருகியிருந்தார், துளை தூர்ந்து விடாமல் இருக்க.

இப்போது உங்களில் சிலர், "உலோகப் பொடியே வேண்டாமே, வண்ணத்திலேயே தங்கம் வரையலாமே?" என்று கேட்கலாம். வரையலாம். என் பேட்ச் நண்பன் ஒருவன் வெளிநாட்டில் விரல் உயரப் படைவீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறான். அவர்கள் இதை "உலோகமில்லாத உலோகம்" என்கிறார்கள். கரும்பழுப்பு, காவி மஞ்சள், எலுமிச்சை, வெள்ளைப் புள்ளி, கீழ் விளிம்பில் கொஞ்சம் ஆரஞ்சு, அவ்வளவுதான். ஜிமிக்கியில் அம்மா காட்டிய அதே வரிசை! இத்தாலியில் ஆல்பெர்ட்டி 1435-லேயே தன் ஓவிய நூலில், தங்க ரேக்கை ஒட்டுவதைவிடத் தங்கத்தை வண்ணத்தால் காட்டுகிறவனே மெச்சத் தகுந்தவன் என்ற கருத்தைச் சொல்லிவிட்டார். நம் தஞ்சாவூர் ஓவியர்கள் அதற்கு எதிர்ப் பக்கம். அசல் ரேக்குதான் ஒட்டுவார்கள். ஆனால் வெறும் தட்டையாக ஒட்டுவதில்லை, சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்து மேடு கட்டி அதன் மேல் ஒட்டுவார்கள். மேடு இருந்தால்தான் நிழல் விழும். ஆகவே இந்த இரு கட்சிக்கும் சண்டை இல்லை என்பது என் அபிப்பிராயம். என்னைக் கேட்டால் கொலுவுக்கு அம்மா முறைதான் சரி. படத்தை ஒரு பக்கத்திலிருந்துதான் பார்ப்பார்கள், கொலுவை மாமியும் பார்ப்பார், தரையில் உட்கார்ந்த குழந்தையும் பார்க்கும். வரைந்த ஒளி நகராது. கொஞ்சம் நிஜப் பளபளப்பு கூடவே இருக்க வேண்டும்.

அசல் தங்கமே ஆனாலும் இந்த விதி மாறாது என்பதற்கு நம் ஊர் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆரோவில் மாத்ரிமந்திரைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேலுள்ள வட்டத் தட்டுகளில் தங்க ரேக்கை இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்திருக்கிறார்கள், உப்புக் காற்று தொடாமல் இருக்க. அடுத்த முறை போனால் தட்டுகளைக் கவனியுங்கள். சில வெளியே குவிந்தவை, சில உள்ளே குழிந்தவை. ஒன்று வெளிச்சத்தைக் காட்டும்போது பக்கத்தில் இருப்பது இருட்டைக் காட்டும். எல்லாம் ஒரே மாதிரி இருந்திருந்தால் அத்தனை பெரிய கோளமும் மஞ்சள் பெயிண்ட் அடித்த தண்ணீர்த் தொட்டியாகத் தெரிந்திருக்கும் என்று ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். "அது சாமி இருக்கிற இடம்டா, அப்படியெல்லாம் பேசாத" என்றார்.

மாணவர்கள் பொருள் வாங்கப் போனால் ஒரு வார்த்தை. இப்போது அக்ரிலிக் கோல்டு என்று டப்பாவில் வருவதில் பலவற்றில் பித்தளை கிடையாது. அப்ரகச் செதிலின் மேல் டைட்டானியம் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு ஏற்றியது. களிம்பு ஏறாது, தண்ணீரிலேயே கரைக்கலாம், இருமலும் வராது. 2008-ல் இது என் கையில் இருந்திருந்தால் இன்றைக்குப் பேச எனக்கு விஷயம் இருந்திருக்காது. பளபளப்பு பித்தளையைவிடக் கொஞ்சம் சாது. காவியும் நிழலும் இதற்கும் வேண்டும். இன்னொன்று, கொலுவுக்கு நீலம் பாய்ந்த வெள்ளை எல்.ஈ.டி. போடாதீர்கள். தங்கம் திருப்பித் தருகிற மஞ்சளும் சிவப்பும் அந்த விளக்கில் குறைவு. நல்ல தங்கமும் அதில் சோகை பிடித்துத் தெரியும். மஞ்சள் விளக்கே போடுங்கள்.

அம்மாவுக்குப் போன வருஷம் இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. கட்டு பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, கடைசியாகச் செய்த பொம்மைகளை எடுத்து வரச் சொன்னார். கையில் வைத்துத் திருப்பினார். முகம் சுருங்கிவிட்டது. "என்னடா இது, தங்கமெல்லாம் வெளுத்துக் கிடக்கு? நானா இப்படிப் பண்ணேன்?"

கண்புரை லென்ஸை மஞ்சளாக்கிவிடும். மூன்று நாலு வருஷமாக அவர் உலகத்தையே ஒரு மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். தங்கத்தில் போட வேண்டிய மஞ்சளைக் கண்ணே போட்டுவிட்டது, கை போடவில்லை. இதை நான் விளக்கினேன். அவர் பாதி கேட்டார். அதற்குள் கொட்டாங்குச்சியைத் தேடிக் கொண்டிருந்தார்.

"அந்தக் காவி டப்பாவை எடுத்துக் குடு. மீடியம் வேணாம், நீ சொல்ற அந்த அப்ரகமே இருக்கட்டும். ஆனா நீ கலக்காத, நான் கலந்துக்கறேன்" என்றார்.